பழைய டெஸ்க்டாப்பை மாற்றுவதற்கு முன்: காரைக்காலில் இருந்து சில குறிப்புகள்

"கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்று சொல்லும்போது நாம் நாலு வேறு வேறு விஷயங்களை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். டிஸ்க் மெதுவாகிறது. மின்பாகங்கள் அரிக்கின்றன. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகிறது. உள்ளே கிடக்கும் கோப்புகள் எந்தக் காலத்து எழுத்துருவில் இருக்கின்றன என்பதே மறந்துபோகிறது. இந்த நாலுக்கும் வயது தனித்தனி, மருந்தும் தனித்தனி. எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கடைக்குப் போனால் தேவையில்லாததற்குப் பணம் போகும்.

எங்கள் வீட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2014-ல் வாங்கிய டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பகலில் மனைவி நாலைந்து கடைகளின் கணக்கை அதில்தான் டேலியில் போடுகிறார். ராத்திரி மகன் கேம் விளையாடுவான். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடைகளுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. 20-ஆம் தேதி சாயங்காலம் கணினி படுத்துவிட்டால், வரி உள்ள ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரியே இல்லாத ரிட்டர்ன் என்றாலும் 20 ரூபாய். கட்டணத்தைவிட, கடைக்காரர் அடுத்த மாதம் வேறு ஆளைத் தேடிப் போவதுதான் பெரிய நஷ்டம்.

முதலில் டிஸ்க்

பழைய கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் பிராசஸர் காரணம் இல்லை, ஹார்ட் டிஸ்க்தான் காரணம். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகரவும் நேரம் வேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்க, ஒரு செகண்டுக்குச் சுமார் 80 தடவைதான் போய்வர முடியும். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது, ஆயிரக்கணக்கில் போய்வரும். விண்டோஸ் திறக்கும்போதும், டேலி கம்பெனி டேட்டாவை ஏற்றும்போதும் நடப்பது இந்தப் போய்வரல்தான்.

நாங்கள் 2020-ல் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் கூடுதலாக 4 ஜிபி ராமும் போட்டோம். அதே கணினி இன்னும் ஐந்து வருஷம் ஓடியது. உங்கள் கணினியில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது, அது எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தியதோ என்றால், மேலே படிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். புதுசு வாங்க வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

அடுத்து உப்புக்காற்று

இது நம்ம ஊர்ப் பிரச்சினை. கடற்கரையில் இருந்து வரும் காற்றில் உப்புத் துகள் இருக்கிறது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீடுகளின் ஈரப்பதம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. போர்டின் மேல் படிந்த தூசி இப்படி ஈரமானால் மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய படலமாகிவிடும். செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரிப்பது அப்படித்தான்.

மழைக்காலத்தில் கணினி ஆன் ஆகாமல் பீப் அடித்தால், ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் போடுங்கள். மெக்கானிக் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்வார். தினமும் கொஞ்ச நேரம் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். துணி போட்டு மூடி மாதக்கணக்கில் வைத்த கணினிதான் சீக்கிரம் கெடும். கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் ஜன்னலை ஒட்டிக் கேபினெட் வைக்காதீர்கள்.

இந்த அரிப்புக்கு மருந்து கிடையாது. போர்டில் பச்சை பூத்திருந்தாலோ, மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலோ, அந்தக் கணினிக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10 முடிந்த கதை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. கணினி நின்றுவிடாது, ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். பாட்டு கேட்கிற கணினி என்றால் சமாளிக்கலாம். ஐந்து கடைகளின் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் நெட் பேங்கிங்கும் இருக்கிற கணினியில் அப்படி இருக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துப் பதிவு செய்தால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். அது ஒரு தவணை, அவ்வளவுதான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு மேல், ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசைக்கு மேல். எங்கள் நான்காம் தலைமுறை தேறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் பின்னால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், தொழில் நடக்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

லினக்ஸ் போட்டால் என்ன? கடிதம், கணக்குத்தாள், இணையம் மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். டேலி விண்டோஸுக்கான மென்பொருள். மகன் விளையாடும் வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. விண்டோஸ் 11-ல்கூட டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் ஆன் செய்திருந்தால்தான் அது திறக்கும்.

என்ன வாங்கலாம்?

ஆபீஸ் வேலையும் கொஞ்சம் கேமும் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி மாதிரி, உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் போதும். ஆறு கோர், 65 வாட். 2015-ல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5 போன்ற கேம்கள், அமைப்புகளைக் குறைத்துவைத்தால் 1080பி-யில் நன்றாகவே ஓடும். இன்டெல் வாங்கினால் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது.

ஒரு விஷயத்தைக் கடையில் அழுத்திச் சொல்லுங்கள்: 16 ஜிபி ராம் வேண்டும், அதுவும் 8 ஜிபி இரண்டாக. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமைத்தான் பங்குபோடும். டிடிஆர்4-3200 ஒரு குச்சி என்றால் செகண்டுக்கு 25.6 ஜிபி வழி, இரண்டு குச்சி என்றால் 51.2. வேலைக்கு இது பெரிதாகத் தெரியாது, கேமில் உடனே தெரியும். ஏஐ மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. பழைய டிடிஆர்3 ராம் இந்தப் போர்டில் சேராது.

பணம் இடித்தால், சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப்கள் கிடைக்கும். வேலைக்கு அவை போதும், விண்டோஸ் 11-ம் ஏறும். சின்ன கேபினெட் வகையில் பவர் சப்ளை தனி அளவாக இருக்கும். பின்னால் கெட்டால் பொது அளவு சேராது. கிராபிக்ஸ் கார்டும் குட்டையானதுதான் உள்ளே போகும்.

எது வாங்கினாலும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும்போது கரண்ட் போனால் சேமித்து அணைக்க அது போதும்.

பில்லில் ஒரு கண்

காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடு. வாஞ்சூர் தாண்டினால் நாகூர். கணினிக்கு இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பெட்ரோல் மாதிரி எல்லை தாண்டினால் லாபம் என்ற கதை இதில் இல்லை. ஆனால் உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கவனம் தேவை. நம் எண் 34-ல் தொடங்கும், தமிழ்நாட்டு எண் 33-ல். நாகப்பட்டினம் கடையில் மத்திய வரியும் தமிழ்நாட்டு மாநில வரியும் போட்டு பில் கொடுத்தால், அந்த வரியைக் காரைக்கால் பதிவில் வரவு எடுக்க முடியாது. உங்கள் எண்ணைக் கொடுத்து, சரக்கைக் காரைக்கால் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, ஐஜிஎஸ்டி பில்லாக வாங்குங்கள். ஊருக்குள் வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

பழைய தமிழ்க் கோப்புகள்

மாற்றும் நாளில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும்; எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடி போடுகிறது. புதுக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் முகமூடி கழன்றுவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும், பழைய பத்திரங்களும் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளும் இன்னும் இப்படியே கிடக்கின்றன. பழைய கணினியை அணைப்பதற்கு முன், விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து தமிழ் எழுத்துருக்களை நகலெடுங்கள். முக்கியமானதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். தோற்றம் மாறக்கூடாததை பிடிஎஃப் ஆக்கிவையுங்கள்.

நாங்கள் கடைசியில் 5600ஜி கணினிதான் வாங்கினோம். பழைய மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் மூன்றும் அப்படியே தொடர்கின்றன. 21-ஆம் தேதி வாங்கினோம், அடுத்த 11-ஆம் தேதி வரை இரண்டு கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. டேலி டேட்டா, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரின்டர் மூன்றும் புதியதில் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் பழையதைக் கழற்றினோம். அதன் டிஸ்க்கை மட்டும் விற்கவில்லை. அதில் அடுத்தவர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கின்றன. கேபினெட்டையும் போர்டையும் காயலான் கடையில் எடைக்குப் போடாமல், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதாக இருக்கிறோம்.