"வாயை மூடிக்கிட்டு மெல்லுடா!"

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று பெரியவர்கள் சொன்னதை நாமும் நம் குழந்தைகளிடம் ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். சொல்லிக் கேட்காவிட்டால் அதட்டியிருப்போம். நானும் அந்த ரகம்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணுக்கு ஏழு வயதில் ஒரு பையன். அவன் சாப்பிட உட்கார்ந்தால் நாம் கடிகாரத்தைத்தான் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். இரண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம்! ஒரு வாய் போட்டுக்கொண்டால் அது கன்னத்தில் உருண்டையாகக் குடியேறிவிடும். பிறகு ஒரு மடக்குத் தண்ணீரை விட்டு, மாத்திரை விழுங்குகிற மாதிரி அப்படியே உள்ளே தள்ளுவான். சப்பாத்தி, கொய்யாக்காய், கறித்துண்டு என்றால் பக்கத்திலேயே வரமாட்டான். அபூர்வமாக மென்றாலும் வாயைத் திறந்துகொண்டு 'சப் சப்' என்று சத்தம் வேறு.

"பாருங்களேன் அக்கா, விருந்தாளிங்க எதிர்லே மானம் போகுது. வாயை மூடிக்கிட்டு மெல்லுடான்னா கேக்கறதே இல்லே" என்று அவள் அழாக்குறையாகச் சொன்னபோது, "செல்லம் குடுத்தா இப்படித்தாம்மா, கண்டிச்சு வளர்க்கணும்" என்று உபதேசம் செய்தவள் நான். என் பேச்சைக் கேட்டு அவள் பையன் முதுகில் இரண்டு வைத்ததும் உண்டு.

அவனுக்குப் பால் பல் விழுந்து முன் பற்கள் முளைத்தபோது ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. பல் டாக்டரிடம் போனோம். துணைக்கு நானும் போயிருந்தேன். அந்த அம்மாள் பல்லைப் பார்க்கும் முன்பே கேள்விகளைத்தான் அடுக்கினார். ராத்திரி வாய் திறந்து தூங்குகிறானா? குறட்டை உண்டா? தலையணை எச்சிலில் நனைகிறதா? காலையில் எழுந்ததும் தண்ணீர் கேட்கிறானா? எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்பதே பதில். பிறகு ஒரு பிஸ்கட்டை அவன் கையில் கொடுத்து, "உதட்டை மூடிக்கிட்டே மென்னு காட்டு ராஜா" என்றார்.

நாலு தடவை மென்றிருப்பான். தோள் இரண்டும் மேலே ஏறின. முகம் சிவந்தது. டப்பென்று வாயைத் திறந்து 'ஹா' என்று மூச்சு வாங்கினான்.

"என்ன ஆச்சு கண்ணு?"

"மூச்சு வரலே."

அவன் அம்மா திகைத்துப் போய், "இத்தனை நாளா ஏண்டா சொல்லலே?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேம்மா."

எனக்குச் சுருக்கென்றது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அப்படியென்றால் பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

யோசித்துப் பாருங்கள். மெல்லும்போது வாயில் சோறு இருக்கிறது. மூச்சு மூக்கு வழியாகத்தான் போய் வரவேண்டும். மூக்கு அடைத்திருக்கும் குழந்தைக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலில் சோற்றையும் அனுப்ப வேண்டும், காற்றையும் அனுப்ப வேண்டும். அது என்ன செய்யும்? மெல்லாமல் சீக்கிரம் விழுங்கிவிடும், அல்லது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்.

நாக்கு எங்கே படுத்திருக்கிறது?

பல்லை மட்டும் பார்க்காமல், வாய் செய்கிற வேலைகளையும் சேர்த்துப் பார்க்கிற பல் வைத்தியம் புதிதல்ல. அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ராஜர்ஸ் என்ற பல் டாக்டர் 1918லேயே முகத் தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த வைத்தியத்தில் பெரிய இடம் நாக்குக்குத்தான்.

"அன்னம்" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். 'ன்ன' வரும்போது நாக்கு நுனி மேல் பல்லுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் மேட்டில் தொடுகிறதல்லவா? 'ம்' என்று முடிக்கும்போது உதடு மூடி, காற்று மூக்கு வழியே போகிறது. நாம் சும்மா இருக்கும் நேரத்திலும் வாய் ஏறக்குறைய இப்படித்தான் இருக்க வேண்டும். உதடு மூடி, நாக்கு மேலே அண்ணத்தோடு ஒட்டி, மேல் பல்லும் கீழ் பல்லும் இறுகக் கடிக்காமல், மூச்சு மூக்கில்.

வெளியிலிருந்து கன்னங்கள் பல் வரிசையை அழுத்துகின்றன. உள்ளேயிருந்து நாக்கு தாங்குகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் பற்கள் நிற்கின்றன. வாயால் மூச்சு விடும் குழந்தை காற்றுக்கு வழிவிட நாக்கைக் கீழே இறக்கிவிடுகிறது. உள்தாங்கல் போய்விட்டால் மேல் தாடை குறுகி, அண்ணம் கோபுரம் மாதிரி உயர்ந்து, பற்களுக்கு இடம் போதாமல் போகலாம். இன்னொரு விஷயம்: வாயின் கூரைதான் மூக்கின் தரை. கூரை குறுகினால் மேலே இருக்கும் மூக்குப் பாதையும் குறுகும். மூக்கு அடைத்ததால் நாக்கு இறங்க, நாக்கு இறங்கியதால் மூக்கு இன்னும் நெருக்கமாக... செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது பாருங்கள்.

1970களில் கலிபோர்னியாவில் எகில் ஹார்வோல்ட் என்ற ஆராய்ச்சியாளர் குரங்குக் குட்டிகளின் மூக்கை அடைத்து வைத்துப் பார்த்தார். (படிக்கவே மனசு கஷ்டப்படுகிறது!) வாயால் மூச்சு விடப் பழகிய குட்டிகளின் தாடையும் பற்களும் மாறிப் போயின. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மாறவில்லை. நாக்கையும் தாடையையும் எது எப்படி வைத்துக்கொண்டதோ அதற்கேற்ப மாறின. அதனால் வாய் திறந்து தூங்கும் குழந்தைக்கெல்லாம் முகம் நீண்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். அப்பா அம்மா வழி வரும் தாடை வாகும் உண்டு. எது எவ்வளவு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாக்குவாதம்தான். விழுங்கும்போது நாக்கு முன்னால் தள்ளுவதைப் பெரிதாகச் சொல்வார்கள்; அது கண நேர வேலை. மணிக்கணக்காக நாக்கு எங்கே படுத்திருக்கிறது என்பதற்குத்தான் பல்லை நகர்த்தும் பலம் அதிகம்.

முதலில் மூக்கு

மாடி வீட்டுப் பையனைப் பல் டாக்டர் உடனே கம்பி கட்ட உட்கார வைக்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அது சிலருக்குப் பெரிதாகிப் பாதையை அடைக்கும். இவனுக்கு அதுவும் இருந்தது, தூசி ஒவ்வாமையும் இருந்தது. உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஸ்ப்ரே, வாரம் ஒருமுறை தலையணை உறையை வெந்நீரில் அலசுவது என்று ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. சில குழந்தைகளுக்குத் தேவைப்படும். வளர வளர இந்தச் சதை பொதுவாகச் சுருங்கும் என்பதால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூக்கு திறந்த பிறகுதான் பல் டாக்டர் மேல் தாடையை அகட்டும் ப்ளேட் ஒன்றைப் போட்டார். சின்ன வயதில் அண்ணத்தின் நடு இணைப்பு இறுகியிருக்காது, சுலபமாக இடம் கொடுக்கும். கூடவே விளையாட்டு மாதிரி சில பயிற்சிகள். நாக்கை அண்ணத்தில் ஒட்டிக் குதிரைக் குளம்பு மாதிரி 'டொக் டொக்' என்பது. வீட்டுப்பாடம் எழுதும்போது ஐஸ்க்ரீம் குச்சியைப் பல்லில் கடிக்காமல் உதட்டால் மட்டும் பிடித்துக்கொள்வது. மூக்கு அடைத்திருக்கும்போது இந்தப் பயிற்சிகளால் பிரயோஜனமில்லை, குழந்தைக்கு அவஸ்தைதான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

சில விஷயங்களில் நம் வீட்டுப் பழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவார்கள். கூடவே கூடாது, அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் போன்ற கோளாறைக் கொண்டுவரும். கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். இப்போது கைப்பேசியில் காட்டுகிறார்களே, ராத்திரி வாயில் டேப் ஒட்டுவது, அதைக் குழந்தைக்குச் செய்யவே செய்யாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று, திணறி எழுகிற குழந்தையை நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மிக்ஸியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

மூக்கும் நாக்கும் சரியாக இருந்தாலும் மெல்லுவதற்கு ஏதாவது வேண்டாமா? அமெரிக்க மானிடவியல் அறிஞர் ராபர்ட் கொருச்சினி, 1980களின் தொடக்கத்தில் பஞ்சாபில் பட்டணத்து இளைஞர்களின் பல் வரிசையையும் கிராமத்து இளைஞர்களுடையதையும் ஒப்பிட்டார். ஒரே இனத்து ஜனங்கள்தான். ஆனால் பட்டணத்தில் கோணல் பற்கள் அதிகம். மெதுவான சாப்பாடும் ஒரு காரணம் என்பது அவர் கருத்து. நம் பாட்டிமார் கரும்பைப் பல்லாலேயே உரித்தவர்கள். நாம் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுக்கிறோம்.

ஆறு மாதத்தில் மசித்த உணவு. சரி. ஆனால் அந்தக் கூழிலேயே ஒரு வயது வரை ஓட்டாதீர்கள். எட்டு மாதத்தில் வெந்த கேரட் துண்டு, இட்லி விள்ளல், கனிந்த வாழைப்பழம் இவற்றைக் கையில் கொடுத்துவிடலாம். பத்து மாதத்துக்குள் கட்டி கட்டியான சாப்பாடு பழகாத குழந்தை பின்னால் சாப்பாட்டில் படுத்தும். ஒரு வயதில் காரம் குறைத்து வீட்டுச் சாப்பாடே கொடுங்கள். பருப்பு சாதத்தை விரலால் மசித்தால் போதும். அதற்குமேல் முருங்கைக்காய்ச் சதை, தோசையின் முறுகல் ஓரம், சப்பாத்தி, கொய்யாத் துண்டு என்று மெல்ல மெல்லக் கடினத்தைக் கூட்டலாம். வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை மட்டும் ஐந்து வயது வரை முழுதாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ தின்னவும் விடாதீர்கள்.

ஒரு பக்கமாகவே மெல்லும் குழந்தையின் மறுபக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். "விழப்போகிற பால் பல்தானே" என்று விடக்கூடாது. பின் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை உழைக்க வேண்டியவை.

மாடிப் பையன் இந்தப் பொங்கலுக்கு ஒரு கணு கரும்பை மொட்டை மாடியில் உட்கார்ந்து கடித்துத் துப்பிப் படி முழுக்கச் சக்கையாக்கினான். பெருக்கியது நான்தான்! ப்ளேட் இன்னும் வாயில் இருக்கிறது. கரும்புக்காக அன்று மட்டும் கழற்றிக்கொள்ள டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான். மார்கழிக் குளிரில் நாலு நாள் குறட்டையும் திரும்பி வந்தது, ஸ்ப்ரேயை விட்டுவிட்டதால். சாப்பிட இப்போது இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது.

அவன் அம்மா "மெல்லுடா" என்று கத்துவதை விட்டுவிட்டாள். தட்டு வைக்கும்போது, "போய் மூக்கைச் சிந்திட்டு வந்து உக்காரு" என்கிறாள்.