பள்ளிப் போட்காஸ்ட்: பாட்டியின் தோட்டத்துக் கதைக்கு ஒரு கைப்பேசி போதும்

'மங்கு' என்றால் என்ன? வீட்டில் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தெரியலைன்னா வியப்பில்லை. மரத்தில் சீவிய ரப்பர் பால் வடியும் கிண்ணம் அது. கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்தச் சொல்லும் தாத்தா பாட்டியோடு நிற்கிறது.

இங்கேதான் பள்ளிப் போட்காஸ்ட் உதவும். வகுப்பு இடுபணியை ஒலியாகப் பதிந்து இணையத்தில் பகிர்வதுதான் அது. ஆசிரியர் மட்டும் படித்துத் திருத்திய வேலையை ஊரே கேட்கலாம்.

எப்படிச் செய்வது? மாணவர்கள் ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்ளட்டும். பாட்டியைப் பேசவிட்டு, கைப்பேசியில் பதியட்டும். மின்விசிறியை நிறுத்திடுங்க, அதன் இரைச்சல் பேச்சைக் கெடுக்கும். 64 கேபிபிஎஸ் தரத்தில் 5 நிமிடப் பதிவு சுமார் 2.4 எம்பிதான். காணொளியைவிட டேட்டா மிச்சம்.

ஒன்றை மறக்காதீங்க. பகிரும் முன் பெற்றோரிடமும் பேசியவரிடமும் சம்மதம் கேளுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், வீட்டு முகவரி வேண்டாம். இணையத்துக்குப் போன குரலைத் திரும்பப் பெறுவது சிரமம்.

ஆனால் பதியாமலே விட்டால், பாட்டி சொன்னது பேரப்பிள்ளைக்குக் கிடைக்காமலே போய்விடும்.