வகுப்பை விட்டுப் போகாமலே ஆசிரியப் பயிற்சி

அப்புத்தளைப் பக்கத்துச் சிறிய தோட்டப் பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டால் அவருடைய வகுப்பை யார் எடுப்பது? பதில் ஆசிரியர் வருவது அபூர்வம். அந்த ஆசிரியரின் பாடும் கஷ்டந்தான். 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற ஆசிரியர் உதவியாளர்களுக்கு ஆரம்பத்தில் கிடைத்தது மாதம் 6,000 ரூபா. அதை வைத்துக்கொண்டு வீட்டையும் பார்த்து, வெளியூர்க் கலாசாலையில் தங்கிப் படிப்பது எப்படி? தொலைக்கல்வியின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1980களிலேயே சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு, பயிற்றப்படாத ஆசிரியர்களுக்குத் தொலைக்கல்விப் பயிற்சி நடந்தது. பிறகு மகரகம தேசிய கல்வி நிறுவகம் அதைப் பொறுப்பேற்றது. 1991இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு ஒன்று, கல்லூரியில் தங்கிப் படிப்பதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு என்று காட்டியது.

இன்று பட்டதாரி ஆசிரியர்களுக்கான வழிகளில் ஒன்று, 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. தமிழிலும் படிக்கலாம். பாடநூலை வீட்டில் படித்து, ஒப்படை எழுதி, விடுமுறை நாள் வகுப்புகளுக்குப் போக வேண்டும். கற்பித்தல் பயிற்சிதான் இதன் உயிர். மேற்பார்வையாளர் பாடக்குறிப்போடு பின்வாங்கில் அமர்ந்து முழுப் பாடத்தையும் பார்ப்பார். கரும்பலகையைப் பார்த்தபடியே பேசும் பழக்கத்தை எந்தப் புத்தகமும் கண்டுபிடித்துத் தராது; பின்வாங்கில் இருப்பவர் கண்டுபிடிப்பார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதில் என்ன செய்கின்றன? கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்ற ஆய்வு உதவி நிறுவனத்தின் நிதியில், தென்னாபிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகமும் மலேசியாவின் வாவாசான் திறந்த பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தின. அதன் இலங்கைப் பகுதியில், திறந்த பல்கலைக்கழகத்தில் இந்த டிப்ளோமாவைப் படித்துக்கொண்டிருந்த 230 ஆசிரியர்கள் பங்கேற்றார்கள். ஊவா உட்பட ஒன்பது மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள். திறந்த கல்வி வளங்களைத் தேடி எடுத்து, தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தப் பழகினார்கள். முடிவுகள் 2017இல் வெளிவந்தன.

திறந்த கல்வி வளம் என்பது, பிறர் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் மொழிபெயர்க்கவும் பகிரவும் உரிமையாளரே முன்கூட்டி அனுமதி கொடுத்த பாடப்பொருள். இணையத்தில் கிடைப்பதெல்லாம் அப்படியல்ல. உரிமக் குறிப்பைப் பார்க்க வேண்டும். மலையகத்துக்கு இந்த மொழிபெயர்ப்பு உரிமைதான் பெரிய விஷயம். நல்ல வளங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தம்பேதென்னையில் ஓர் ஆசிரியர் அவற்றில் ஒன்றைத் தமிழாக்கித் தந்தால், பசறையிலும் லுணுகலையிலும் அதே பாடத்தை நடத்தலாம். ஆனால் சம்பளமும் நேரமும் தராமல் அந்த வேலையை ஆசிரியர் தலையில் கட்டக்கூடாது. தமிழ்ப் பாடப்பொருளுக்கான பணத்தை ஒப்பந்தத்திலேயே ஒதுக்காத வெளிநாட்டுக் கூட்டுத்திட்டம் தோட்டப் பாடசாலை வாசல்வரை வராது என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒரு பயிற்சி நெறி வந்தால், பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: சான்றிதழைக் கல்வி அமைச்சு பதவி உயர்வுக்கு ஏற்குமா, ஒப்படையைத் தமிழில் எழுதலாமா, உங்கள் வகுப்பறைக்கு வந்து பாடத்தைப் பார்க்கப்போவது யார்.