டிரம்மர் இல்லையா? தாளம் பழக இலவச ‘ஹைட்ரஜன்’ இருக்கு!

புதுச்சேரியில் ஜூன் 21 நெருங்கினாலே கிட்டார்கள் உறையை விட்டு வெளியே வந்துவிடும். பிரான்ஸில் 1982-ல் தொடங்கிய உலக இசை தினத்தை இந்த ஊரும் கொண்டாடுகிறது. ஆனால், டிரம்மர் இல்லாமல் வீட்டில் தனியாக வாசிப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: தெரியாமலே வேகம் ஏறிவிடும்.

இதற்குக் கைகொடுப்பது ‘ஹைட்ரஜன்’. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் இயங்கும் இலவச டிரம் மெஷின் மென்பொருள். கட்டங்களில் கிளிக் செய்தால் தாளம் ரெடி.

எப்படிப் பழகுவது?

* நிமிடத்துக்கு 60 பீட்டில் தொடங்குங்க. பிசகாமல் வந்தால் மட்டும் 5 கூட்டுங்க.

* மிஸ்ர சாபு வேணுமா? பேட்டர்ன் அளவை 7/8 ஆக மாத்துங்க.

* மூன்று சுற்று தாளம், நாலாவது சுற்று மௌனம் என்று வைங்க. மௌனம் முடிந்ததும் மெஷினோடு சரியாகச் சேர்ந்தால், தாளம் உங்களுக்குள்ளேயே வந்துடுச்சு.

முந்திட்டீங்களா? மறுபடியும் 60-லேர்ந்து!