மொட்டை மாடியில் சூரியத் தகடு: முதலில் நிழலை அளப்போம்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் தொழிலின் பாலபாடம். கடைக்கு ரேக் அடிக்கும் முன் சுவரை அளக்கிறோம். குடோனில் எத்தனை அட்டி போடலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் மூட்டையை இறக்குகிறோம். ஆனால் வீட்டு மாடியில் சூரிய மின்தகடு வைக்கும்போது மட்டும், "எத்தனை கிலோவாட், என்ன விலை?" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக் கொள்கிறோம். எங்கே வைப்பது என்பதைப் பொருத்த வரும் ஆட்களிடம் விட்டுவிடுகிறோம். 25 ஆண்டுகள் உழைக்க வேண்டிய முதலுக்கு இந்தக் கவனம் போதாது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் மத்திய அரசு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் வகுத்தது. கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இது வீட்டு இணைப்புக்கு உரியது, கடை இணைப்புக்கு அல்ல.

நிழல் செய்யும் நஷ்டம்

தகடுகளைச் சங்கிலி போல ஒன்றோடொன்று தொடுத்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஒற்றைச் சாலையில் முன்னால் போகும் லாரி மெதுவானால் பின்னால் வரும் லாரிகளும் மெதுவாவதைப் போல, ஒரு தகட்டின் மேல் விழும் நிழல் மற்றத் தகடுகளின் உற்பத்தியையும் இழுத்துப் பிடிக்கும். இதைக் குறைக்கத் தகட்டுக்குள்ளேயே டயோடு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நஷ்டம் முழுவதும் நீங்காது. நம் மாநிலத்தில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்பது நிழல் விழாத இடத்துக்கான கணக்கு.

மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் நிழல் நீளம். காலை 9 மணிக்கு ஒரு பொருளின் நிழல், அதன் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வடமேற்காக விழும். பிற்பகல் 3 மணிக்கு அதே அளவு வடகிழக்காக விழும். மார்கழியில் 9 மணி, 12 மணி, 3 மணி என்று மூன்று வேளை மாடிக்குப் போய்ச் சுண்ணாம்புக் கட்டியால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டுவிட்டால் போதும். கோட்டுக்கு வெளியே உள்ள இடமே தகட்டுக்கு உரிய இடம்.

கன்னி மூலைத் தொட்டி

வாஸ்து பார்த்துத் தென்மேற்கில் தண்ணீர்த் தொட்டி வைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பிற்பகலில் அதன் நிழல் மாடியின் நடுவே வந்து விழும். நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போட்ட கணக்கைச் சொல்கிறோம். மாடி கிழக்கு மேற்கில் 25 அடி, தெற்கு வடக்கில் 40 அடி. கன்னி மூலையில் உள்ள தொட்டியின் தலை, தகட்டு மட்டத்திலிருந்து 10 அடி உயரம். மார்கழியில் 3 மணிக்கு அதன் நிழல் வடக்கே சுமார் 9 அடியும் கிழக்கே சுமார் 11 அடியும் போகும். ஆகவே தகட்டுக்கு வடபாதியை ஒதுக்கினோம்.

540 வாட் தகடு ஒன்று ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றேமுக்கால் அடி அகலம். 6 தகடு வைத்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரும். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. முன்வரிசையின் நிழல் பின்வரிசையில் விழாமலும், கழுவ ஆள் போகவும் நடுவே 2 அடி. சுற்றிலும் நடைபாதை விட்டால் மொத்தம் 300 சதுர அடிக்குச் சற்று மேல். தெற்கு நோக்கி 10 பாகை அளவு சாய்வு நம் பகுதிக்குப் போதும். மழைநீரும் தூசியை அடித்துக்கொண்டு ஓடிவிடும்.

மாடி நமக்கும் வேண்டும்

மிளகாய், மல்லி, வடகம் காயப்போடுவதற்கு மளிகைக்காரன் வீட்டு மாடியும் ஒரு களம். அந்த இடத்தை வீட்டுப் பெண்களைக் கேட்டு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். தகட்டை 8 அடி உயரத்தில் தூக்கி வைத்தால் கீழே நடமாடலாம், ஆனால் வெயில் கிடைக்காது. இரும்புச் செலவும் காற்றின் வேகமும் கூடும். 2016 வர்தா, 2018 கஜா புயல்களைப் பார்த்த கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தளத்தைத் துளைத்தால் ஒழுகாமல் அடைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடானால், பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் பாரம் ஏற்ற வேண்டாம்.

தெற்கே காலிமனை இருந்தால் நாளை அங்கே மாடி எழும்பலாம். இன்று சிறிதாக நிற்கும் தென்னை பத்தாண்டில் தலைக்கு மேல் போகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கழுவும் நீர் உப்பாக இருந்தால் கண்ணாடியில் படிந்துவிடும். நல்ல தண்ணீரால் அதிகாலையில் கழுவ வசதியாகக் குழாயும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

எனவே வணிகப் பெருமக்கள் விலைச்சீட்டு கேட்கும்போதே, திசையும் அடிக்கணக்கும் நிழலும் குறித்த மாடி வரைபடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டுகிறோம். வரைபடம் தராதவரிடம் முன்பணம் தர வேண்டாம். மாடியில் இடம் 2 கிலோவாட்டுக்குத்தான் என்றால் 2 கிலோவாட்டே போதும். மானியம் கூடுகிறது என்று நிழலில் நிறுத்தும் தகடு, விற்காத சரக்கை மலிவாக வாங்கிக் குடோனில் அடைத்ததற்குச் சமம்.