கலைவரலாறு பயில்வார்க்கு இணையம் தரும் துணை

கலைவரலாறு ஏனைய வரலாறுகளினின்றும் ஒருவகையில் வேறுபட்டது. அரசியல் வரலாற்றைப் பயில்வோன் முடிந்துபோன போரைக் கண்ணாற் காண்டல் இயலாது. ஏடுகளும் கல்வெட்டுக்களும் கூறுவனவே அவனுக்குச் சான்று. கலைவரலாற்றைப் பயில்வோனுக்கோ, தான் பேசும் பொருளே முதற்சான்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட படிமமும், நானூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட ஓவியமும் இன்றும் உள்ளன. அவற்றைக் காணாது, அவை பற்றிப் பிறர் எழுதியவற்றை மாத்திரம் மனனஞ் செய்தல், பாட்டைக் கேளாது இராகங்களின் பெயரை ஒப்புவித்தலை ஒக்கும்.

ஆயின், காண்பது எங்ஙனம்? உலகின் கலைச்செல்வங்கள் பல நாட்டு நூதனசாலைகளிலே பரந்து கிடக்கின்றன. அவற்றை நேரிற் சென்று காணும் வாய்ப்பு நம் மாணவருள் மிகச் சிலர்க்கே உண்டு. நெடுங்காலமாக அவர்க்குக் கிடைத்தவை பாடநூல்களில் மங்கலாக அச்சிடப்பட்ட சிறு படங்களே. இன்று அந்நிலை மாறிவிட்டது. கைத்தொலைபேசி ஒன்றும் இணையத் தொடர்பும் உடைய மாணவன், தன் வீட்டுத் திண்ணையிலிருந்தவாறே அம்ஸ்ரடாமிலும் நியூயோர்க்கிலும் உள்ள ஓவியங்களைக் காணலாம். முன்னர்ப் படங்கள் கிடையாமை குறையாக இருந்தது. இப்பொழுது எண்ணிறந்த படங்களுள் எதனை நம்புவது என்பதே வினாவாக உள்ளது. அவ்வினாவுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். படம் வேறு, சான்று வேறு. இன்ன பொருளின் படம் இது, அப்பொருள் இன்ன இடத்தில் உளது, இன்ன காலத்தது, இன்ன அளவினது என்னும் குறிப்புக்களோடு கூடிய படமே கல்விக்குச் சான்றாகும். குறிப்பில்லாப் படம், முகவரியில்லாக் கடிதம் போல்வது.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஒல்லாந்து நாட்டு ஓவியர் வெர்மீர் 1660ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய, பால் வார்க்கும் பணிப்பெண்ணின் ஓவியம் அம்ஸ்ரடாம் நகரத்து றெய்க்ஸ் நூதனசாலையில் உள்ளது. அவ்வோவியத்தின் படிகள் பல்லாயிரம் இணையத்தில் உலாவின. அவற்றுட் பெரும்பாலானவை மஞ்சள் படிந்த தரங்குன்றிய படிகள். அவற்றையே கண்டு பழகிய மக்கள், நூதனசாலையில் விற்கப்பட்ட திருத்தமான அஞ்சலட்டையைக் கண்டு, அது மூல ஓவியத்தைப் போன்றதன்று என ஐயுற்றனர். இச்செய்தி 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அறிக்கையிற் கூறப்பட்டுள்ளது. பொய்ப்படி பெருகியவிடத்து மெய்ப்படி ஐயத்துக்குள்ளாயிற்று. இதற்கு மருந்தாக அந்நூதனசாலை தன்னிடமுள்ள ஓவியங்களின் நல்ல படங்களைத் தானே 2012ஆம் ஆண்டு முதல் யாவரும் இலவசமாகப் பெறுமாறு இணையத்தில் வெளியிட்டது.

நிறம் போலவே அளவும் மாணவனை மயக்கும். மேற்கூறிய வெர்மீரின் ஓவியம் 45.5 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் உடையது, கையிற் சுமக்கத்தக்கது. அதே நூதனசாலையில் உள்ள, றெம்பிராண்ட் 1642இல் தீட்டிய ‘இராக்காவல்’ என்னும் ஓவியமோ 379.5 செ.மீ. உயரமும் 453.5 செ.மீ. அகலமும் உடையது; ஒரு சுவரையே மறைப்பது. கைத்தொலைபேசியின் திரையில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அளவினவாகத் தோன்றும். அளவுக் குறிப்பை வாசியாதவன், வீட்டறையில் அமைதியாகக் காணுதற்கு அமைந்த ஓவியத்தையும், மண்டபத்திற் கூட்டமாக நின்று காணுதற்கு அமைந்த ஓவியத்தையும் ஒன்றாகவே கருதிவிடுவான். ஆதலின், படத்தைப் பார்த்தவுடன் அளவைப் பார்த்தல் வேண்டும். பின் அவ்வளவை வகுப்பறைச் சுவரிலே வெண்கட்டியால் வரைந்து பார்த்தல் மிகவும் நன்று.

ஆயின், திரையானது கண்ணுக்கு எட்டாதவற்றைக் காட்டுவதும் உண்டு. 2022இல் ‘இராக்காவல்’ ஓவியத்தை 8,439 நிழற்படங்களாகப் பகுதி பகுதியாக எடுத்து ஒன்றாகப் பொருத்தி, 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே படமாக வெளியிட்டனர். நேரிற் சென்றவனும் கயிற்றுக்கு அப்பால் நின்றே காண்பான். இப்படத்திலோ தூரிகையின் தடமும் வண்ணத்தில் விழுந்த வெடிப்பும் தெளிவாகத் தோன்றும்.

இனி, எங்குச் சென்று தேடுவது என்பதை நோக்குவாம். பொருளை உடைய நிறுவனத்தின் தளத்துக்கே செல்க என்பது முதல் விதி. தேடுபொறி தரும் படவரிசை வழிகாட்டியேயன்றி முடிவிடமன்று. இயந்திரம் புனைந்த போலிப் படங்களும் பழைய ஓவியங்களின் பெயரால் உலாவும் இக்காலத்தில் இவ்விதி முன்னையினும் இன்றியமையாததாகும்.

நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017இல் ஏறக்குறைய 375,000 படங்களை எவ்விதக் கட்டுப்பாடுமின்றிப் பயன்படுத்துமாறு வழங்கியது. அதன் தளத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலைவரலாற்றுக் காலவரிசை என்னும் பகுதி, நாடும் காலமும் பற்றித் தேடுவார்க்கு அறிஞர் எழுதிய சிறு கட்டுரைகளைத் தருகின்றது. வாஷிங்ரன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் 28 இலட்சம் படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஆசியக் கலைப்பொருள்களும் அடங்கும். 2011இல் 17 நூதனசாலைகளோடு தொடங்கிய கூகிள் கலைத்திட்டம், பல நாட்டுக் காட்சிக்கூடங்களை ஒருங்கே தருகின்றது. விளக்கம் வேண்டுவோர்க்கு 2005இல் தொடங்கிய ‘ஸ்மார்ட்ஹிஸ்ரறி’ என்னும் தளம் ஏற்றது. கலைவரலாற்று ஆசிரியர் இருவர் தொடங்கிய அத்தளத்தில், அறிஞர் ஒரு படைப்பின்முன் நின்று உரையாடி, கண் எங்குச் செல்லவேண்டுமென்பதைக் காட்டுவர்.

தளத்தையடைந்தபின் செய்யவேண்டுவது பதிவுக் குறிப்பை வாசித்தலாகும். நமக்கு அணித்தானதோர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வாம். இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் 143 செ.மீ. உயரமான தாரையின் படிமம் ஒன்று உள்ளது, பொன்முலாம் பூசிய வெண்கலத்தாலானது, கி.பி. 8ஆம் நூற்றாண்டினது. அஃது இலங்கையின் கீழ்க்கரையிலே, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்ததாகக் கூறப்படுகின்றது. இதன் பதிவெண் 1830,0612.4 என்பது. வெறும் இலக்கங்களாகத் தோன்றும் இவ்வெண்ணே ஒரு வரலாற்றைச் சொல்லும். 1830ஆம் ஆண்டு ஆறாம் மாதம் பன்னிரண்டாம் நாளுக்குரிய பதிவில் நான்காவது பொருள் என்பது அதன் கருத்து. கொடுத்தவர் யாரெனப் பார்ப்பின், 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆள்பதியாயிருந்த சேர் றொபேட் பிரவுண்றிக் எனக் காண்கிறோம். நம் நாட்டுப் படிமம் ஒன்று இலண்டன் சென்றது எங்ஙனம் என்னும் வினா அவ்விடத்தே பிறக்கின்றது. படத்தை மாத்திரம் பார்த்தவனுக்கு அவ்வினா எழுவதேயில்லை.

தேடுஞ் சொல்லும் கருதற்பாலது. நூதனசாலைகளின் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. நம் சொற்களை அவர் பலவாறாக எழுதுவர். ‘சிவ’ என்பதையே இருவேறு எழுத்துக்கூட்டல்களிற் காணலாம். நடராச வடிவத்தை ‘ஆடலின் தலைவனாகிய சிவன்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருப்பாரும் உளர். ஒரு சொல்லாற் கிடையாதவிடத்து மற்றொரு சொல்லாலும், காலத்தாலும், உலோகத்தின் பெயராலும் தேடுதல் வேண்டும். கெற்றி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டுள்ள கலைச்சொற்றொகுதியும் கலைஞர் பெயர்த்தொகுதியும் இதற்குப் பெரிதும் துணையாவன. ஒரே கலைஞரின் பல பெயர்களை அவை ஓரிடத்துத் தொகுத்துக் காட்டும்.

படங்களோடு நூல்களும் வேண்டும். 1996இல் நிறுவப்பட்ட இணையக் காப்பகத்தில் பதிப்புரிமைக் காலங் கடந்த பழைய நூல்கள் பெருந்தொகையாக உள. கொழும்பிற் பிறந்து, 1917 முதல் பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றி, 1947இல் மறைந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை, முன்னர்ச் சில நூலகங்களிலேயே காணலாயிருந்தது. இன்று மாணவனும் அங்குப் புரட்டலாம். தமிழில் வாசிக்க விரும்புவோர்க்கு, 2005இல் ஈழத்தவர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகமும், 2001இல் தமிழ்நாட்டிற் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள. பின்னதில் கட்டடக்கலை, சிற்பக்கலை முதலியன பற்றிய பாடங்களைக் காணலாம்.

இங்ஙனம் குறிப்போடு கூடிய படம் எத்துணை வலிமையுடையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று பகரும். அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரிலுள்ள தேசியக் கலைக்கூடம், சோழர் காலத்து நடராசர் படிமம் ஒன்றை 2008இல் நியூயோர்க் வணிகர் ஒருவரிடம் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கிற்று. தொல்பொருள்களை ஏற்றுமதி செய்தலைக் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னரே அது இந்தியாவை விட்டு நீங்கியதென உடனிருந்த பத்திரங்கள் கூறின. ஆயின், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை 1956 முதல் நிழற்படமெடுத்து, ஊர், கோயில், நாள் ஆகிய குறிப்புக்களோடு பேணி வந்துள்ளது. அத்தொகுதியில் 1994இல் எடுக்கப்பட்ட படமொன்றில், அதே நடராசர் அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலில் எழுந்தருளியிருக்கக் கண்டனர். 1972க்கு முன் நாட்டை நீங்கிய படிமம் 1994இல் கோயிலில் இருத்தல் கூடுமோ? பத்திரம் பொய்யென்பது வெளிப்பட்டது. 2014இல் அப்படிமம் இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ஊரும் நாளும் குறிக்கப்படாத படமாயின் அஃது அழகிய படமாக மாத்திரம் இருந்திருக்கும்; நீதிக்குத் துணையாயிராது. எனவே, ஒரு பொருளின் உடைமை வரலாறு எனப் பதிவில் எழுதப்பட்டுள்ள பகுதியை மாணவர் கடந்து செல்லலாகாது. அதில் நீண்ட இடைவெளி காணப்படுமேல், அதன் காரணத்தை உசாவுதல் வேண்டும்.

படங்களை எடுத்தாளும் உரிமை பற்றியும் சிறிது கூறல் தகும். இணையத்திற் காணப்படுவன யாவும் எவர்க்கும் உரியனவல்ல. மெற்றோபொலிற்றன் நூதனசாலை கட்டற்றனவாக வழங்கும் படங்களை நூலிலும் மலரிலும் அச்சிடலாம். பிரித்தானிய நூதனசாலை வழங்குவனவற்றை ஊதியங் கருதாப் பணிகட்கே, மூலத்தைச் சுட்டிப் பயன்படுத்தல் கூடும். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமைக் குறிப்பு இருக்கும்; அதனை வாசித்த பின்னரே எடுத்தாளுதல் அறிவுடையோர் செயலாகும்.

இனி, எடுத்தவற்றைப் பயிலும் முறை. படைப்பின் பெயர், ஆக்கியோன், காலம், ஆக்கப்பட்ட பொருள், அளவு, இருப்பிடம், பதிவெண், தளத்தைப் பார்த்த நாள் ஆகிய எட்டையும் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். பின்னர் இரண்டு படங்களை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். சுவிற்சலாந்து அறிஞர் வுல்ஃப்ளின் (1864–1945) தம் விரிவுரைகளில் இரு படங்களைத் திரையில் ஒருங்கே காட்டி விளக்கி வந்தார். ஒன்றைத் தனியே பார்க்கும்போது புலனாகாத இயல்பு, மற்றொன்றை அருகில் வைத்தபோது புலனாகும். பொலனறுவைச் சிவதேவாலயத்தில் 1907–08இற் கிடைத்து, கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்த நடராசர் படிமத்தையும், மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலுள்ள சோழநாட்டு நடராசர் படிமத்தையும் இங்ஙனம் வைத்து, திருவாசியும் சடையும் காலடியும் எங்ஙனம் வேறுபடுகின்றன எனப் பத்து வரியில் எழுதுவானாயின், ஒரு மாணவன் பத்துப் பக்கம் மனனஞ் செய்தவனினும் மிகுதியாகக் கற்றவனாவான்.

ஈற்றில் ஒன்று. உலகின் பிறபகுதி பற்றிய பதிவுகளைத் தேடும்போது, நம்முடைய கோயில்களின் வாகனங்களும், தேர்ச்சிற்பங்களும், மரத்தூண்களும், பழைய சுவரோவியங்களும் பற்றிய பதிவுகள் மிகச் சிலவே என்பது புலனாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. படியெடுத்து வேறிடத்தில் வையாதவை மீளக் கிடைப்பதில்லை என்பதை நாம் அறிந்தவர்கள். பழைய தேர் புதுக்கப்படும்போதும், சுவருக்குப் புதுவண்ணம் பூசப்படும்போதும் முன்னை வடிவம் குறிப்பின்றியே மறைகின்றது. கோயிலாரின் இசைவு பெற்று, தம் ஊரில் எஞ்சியுள்ளவற்றை நிழற்படமெடுத்து, அளவும் நாளும் இடமும் எழுதி மின்னூலகத்துக்கு அளித்தல் உயர்தர வகுப்பு மாணவரால் இயலாததன்று. சித்திர ஆசிரியரும் வரலாற்றாசிரியரும் கூடி ஆண்டுக்கொரு கோயிலை எடுத்துக்கொள்வாராயின், பிறர் தேடிவைத்த செல்வத்தை நுகர்வதோடமையாது, பிற்காலத்தார் தேடுதற்குரிய செல்வத்தையும் நம் கல்லூரிகள் ஈட்டிவைத்தனவாகும்.