மரக்கூரைச் சட்டகங்களின் கணினி மாதிரியாக்கம்

மரக்கூரைச் சட்டகங்களின் கணினி மாதிரியாக்கம் என்பது, வீட்டின் கூரையைத் தாங்கும் மர உத்திரங்கள், வில்வளைவுகள், முக்கோணச் சட்டகங்கள் ஆகியவற்றை வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் முப்பரிமாண உருவமாக அமைக்கும் செயற்பாடு ஆகும். முக்கோணச் சட்டகத்தைக் கட்டடத் தொழிலில் டிரஸ் என்று அழைப்பர். வீட்டு வடிவமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் வடிவத்தைக் காட்டுவன. அவ்வடிவத்தினுள் செல்லும் விசைகளைக் காட்டுவன அல்ல. திரையில் ஒன்றுபோலத் தோன்றும் இரு வளைவுகள், அவற்றின் அடிகள் பிடிக்கப்பட்டுள்ள முறையைப் பொறுத்து, முற்றிலும் வேறுபட்ட கட்டமைப்புகளாக இயங்கக்கூடும். ஆகவே மாதிரி அமைப்பவர் வளைவை வரைவதோடு, அதன் உந்துவிசை எங்கே செல்கிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் மரக்கூரை

சேர்வராயன் மலை, கொல்லி மலை, காவிரி ஆறு ஆகியவற்றுக்கு இடைப்பட்ட சமவெளி இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அடங்குகிறது. நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இப்பகுதியின் பழைய ஓட்டு வீடுகளில் சுவரின் மேல் கிடக்கும் உத்திரம், உச்சியில் செல்லும் முகட்டு வளை, இரண்டையும் இணைக்கும் சாய்வான கைமரங்கள், அவற்றின் குறுக்கே அடிக்கப்படும் வரிச்சு அல்லது ரீப்பர் என்பவை கூரையின் முதன்மை உறுப்புகள் ஆகும். கைமரமாகப் பனை வாரை பரவலாகப் பயன்பட்டது. நாட்டு ஓட்டுக்குப் பின்னர் மங்களூர் ஓடு வந்தது. இவ்வகை ஓட்டை பாசல் மிசன் அமைப்பு 1865 இல் மங்களூரில் உற்பத்தி செய்யத் தொடங்கியது.

வளைந்த மர வேலையும் இப்பகுதிக்குப் புதிதன்று. கூண்டு வண்டியின் மேற்கூடு வளைத்த மூங்கிலால் ஆனது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் விளிம்பு, வட்டை எனப்படும் குறுகிய வளைந்த மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் செய்யப்படுவது. இவ்விரண்டும் மரத்தில் வளைவை உண்டாக்கும் இரு அடிப்படை முறைகளைக் காட்டுகின்றன: ஒன்று வளைத்தல், மற்றொன்று துண்டுகளாக அறுத்துச் சேர்த்தல்.

பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிப்போரும், புதிய வீட்டின் கூடத்தில் மர வளைவு அமைக்க விரும்புவோரும் முதலில் கணினிப் படத்தையே காண்கின்றனர். மண் சாந்தில் கட்டிய பழஞ்சுவரின் மேல் அப்படத்தை அப்படியே நிறைவேற்ற முற்படும்போது, படம் சொல்லாத உந்துவிசை சிக்கலாகிறது.

வில்லும் நாணும்

பள்ளிக் கணிதத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டை நாண் என்றும் அழைக்கிறோம். கூரையிலும் இவ்விரு சொற்களும் பொருந்தும். மேலிருந்து சுமை அழுத்தும்போது வளைவின் இரு அடிகளும் வெளிப்புறமாக விலக முயலும். அவற்றை விலகாமல் பிடிக்கும் ஏற்பாட்டைப் பொறுத்து மூன்று நிலைகள் உண்டு.

1. அடிகள் உறுதியான தாங்குசுவரில் பிடிக்கப்பட்டிருந்தால் அது வில்வளைவு. உந்துவிசையைச் சுவர் ஏற்கிறது.
2. இரு அடிகளும் ஓர் இழுசட்டத்தால் இணைக்கப்பட்டிருந்தால் அது நாண் கட்டிய வில். உந்துவிசையை இழுசட்டம் ஏற்கிறது. சுவருக்குச் செங்குத்துச் சுமை மட்டுமே செல்கிறது.
3. அடிகள் சுவரின் மேல் வெறுமனே அமர்ந்து, நகர இடமிருந்தால் அது வளைந்த உத்திரமே. அது சாதாரண உத்திரம் போல வளைந்து தாங்க வேண்டும். வளைவினால் வலிமை கூடுவதில்லை.

முதலாவதும் மூன்றாவதும் திரையில் ஒரே உருவமே. வேறுபாடு வடிவத்தில் இல்லை, தாங்கும் இடத்தில் உள்ளது.

கணிப்பு எடுத்துக்காட்டு

6 மீட்டர் அகலமுள்ள ஒரு கூடத்தைக் கொள்வோம். வளைவின் உயரம் 1.5 மீட்டர். வளைவுகள் 2.5 மீட்டர் இடைவெளியில் அமைகின்றன. ஓடு, மரம், பராமரிப்பு ஆள் எடை உட்பட மொத்தச் சுமை சதுர மீட்டருக்கு 1 கிலோ நியூட்டன் எனக் கொண்டால், ஒரு வளைவின் மேல் மீட்டருக்கு 2.5 கிலோ நியூட்டன் சுமை விழும்.

வளைவின் ஆரம்: அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தின் பாதியைக் கூட்டினால் கிடைக்கும். 36 ÷ 12 = 3; அதனுடன் 0.75 கூட்ட, ஆரம் 3.75 மீட்டர் ஆகும். வில்லின் நீளம் ஏறத்தாழ 6.95 மீட்டர்.

செங்குத்துச் சுமை: மொத்தம் 15 கிலோ நியூட்டன், ஒவ்வோர் அடிக்கும் 7.5 கிலோ நியூட்டன்.

கிடை உந்துவிசை: உச்சியிலும் இரு அடிகளிலும் கீல் கொண்ட வளைவுக்கு, மீட்டர்ச் சுமையை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். 2.5 × 36 ÷ 12 = 7.5 கிலோ நியூட்டன். அதாவது ஒவ்வொரு வளைவும் சுவரை ஏறத்தாழ 765 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் வெளியே தள்ளுகிறது.

உயரத்தை 0.75 மீட்டராகக் குறைத்தால் உந்துவிசை 15 கிலோ நியூட்டனாக இரட்டிக்கும். தட்டையான வளைவு படத்தில் மென்மையாகத் தோன்றினாலும் சுவரை மிகுதியாகத் தள்ளும்.

இதே அகலமும் உயரமும் சுமையும் கொண்ட முக்கோணச் சட்டகத்தில் கீழ்ச்சட்டத்தின் இழுவிசையும் அதே 7.5 கிலோ நியூட்டனே. சட்டகம் அமைப்பதால் விசை மறைந்துவிடுவதில்லை. சுவர் ஏற்க வேண்டியதைக் கீழ்ச்சட்டம் ஏற்கிறது, அவ்வளவே. அழகுக்காகக் கீழ்ச்சட்டத்தை மாதிரியிலிருந்து நீக்குபவர், அவ்விசையை மீண்டும் சுவரின் மேல் ஏற்றுகிறார்.

கூரைச் சட்டகத்தின் உறுப்புகள்

எளிய சட்டகத்தில் இரு சாய்ந்த மேற்சட்டங்கள், ஒரு கிடையான கீழ்ச்சட்டம், நடுவே ஒரு நடுத்தூண், அதன் அடியிலிருந்து மேற்சட்டங்களுக்குச் செல்லும் இரு சாய்கால்கள் என்பன இருக்கும். இந்திய நூல்கள் இவ்வகையை 5 முதல் 8 மீட்டர் அகலத்துக்கும், இரட்டைத் தூண் வகையை 8 முதல் 12 மீட்டர் அகலத்துக்கும் பரிந்துரைப்பது வழக்கம்.

நடுத்தூண் என்ற பெயர் பொருளை மயக்கக்கூடியது. அது உச்சியைக் கீழிருந்து தாங்குவதில்லை. உச்சியிலிருந்து தொங்கி, கீழ்ச்சட்டம் தொய்யாதபடி தூக்கிப் பிடிக்கிறது. எனவே அது இழுவிசை உறுப்பு. அதன் மேல், கீழ் மூட்டுகள் கழன்று வராதபடி இரும்புப் பட்டையாலோ மரைகளாலோ பிணைக்கப்படல் வேண்டும்.

வடிவமைப்பு மென்பொருள்களில் விரும்பப்படும் மற்றொரு வகை, கீழ்ச்சட்டம் மேல்நோக்கி வளைந்த சட்டகம் ஆகும். தோற்றத்தில் இது வில்வளைவு போன்றது. ஆனால் இழுக்கப்படும் வளைந்த மரம் நேராக முயலும். அதனால் அதில் வளைவு விசை தோன்றும். அடிகளும் சிறிது விலகும். இவ்வகையில் வளைவு அலங்காரமாக மட்டும் இருந்து, தனியே ஓர் இரும்புத் தண்டு இழுவிசையை ஏற்பது பாதுகாப்பான ஏற்பாடு.

பயன்படும் மென்பொருள்கள்

ஸ்கெட்ச்அப் 2000 ஆம் ஆண்டில் வெளியானது. 2006 இல் கூகிள் நிறுவனமும் 2012 இல் டிரிம்பிள் நிறுவனமும் இதனை வாங்கின. ஒரு குறுக்குவெட்டு முகத்தை வளைகோட்டின் வழியே நகர்த்தித் திண்மமாக்கும் கருவி இதில் உண்டு. வளைந்த உத்திரத்துக்கு இதுவே எளிய வழி.

ஸ்வீட் ஹோம் 3டி, எம்மானுவேல் புயிபாரே உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். சுவர், கதவு, அறைகலன் ஆகியவற்றை அடுக்குவதே இதன் முதன்மைப் பணி. கூரைச் சட்டகத்தை வேறொரு மென்பொருளில் உருவாக்கி, முப்பரிமாணக் கோப்பாக இதில் இறக்குமதி செய்வது வழக்கம்.

ஃபிரீகேட் 2002 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள். இதில் அளவுகள் எண்களாகவே சேமிக்கப்படுவதால், அகலத்தையோ உயரத்தையோ மாற்றினால் உருவமும் உடன் மாறும். விசை ஆய்வுக்கான தனிப் பணித்தளமும் இதில் உள்ளது.

மாதிரி அமைக்கும் முறை

1. முதலில் உறுப்புகளின் நடுக்கோடுகளை மட்டும் வரைதல். சட்டகத்தின் ஒவ்வொரு மூட்டிலும் நடுக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். விலகினால் அம்மூட்டில் கூடுதல் வளைவு விசை தோன்றும்.
2. வில்லின் ஆரத்தை மேற்கண்டவாறு கணித்து, மையத்தைக் குறித்து வரைதல். கண்ணளவில் வளைவை இழுத்து அமைத்தால் பின்னர் வார்ப்பலகை வெட்ட இயலாது.
3. வளைவின் துண்டு எண்ணிக்கையைச் சரிபார்த்தல். ஸ்கெட்ச்அப் வில்லை இயல்பாக 12 நேர்கோட்டுத் துண்டுகளாகவே வரைகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது உண்மை வில்லிலிருந்து 11 மில்லிமீட்டர் வரை விலகும். 24 துண்டுகளாக்கினால் விலகல் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும்.
4. குறுக்குவெட்டை நடுக்கோட்டின் வழியே நகர்த்தி ஒவ்வோர் உறுப்பையும் தனித் திண்மமாக்குதல்.
5. மூட்டுகளில் ஒன்றையொன்று ஊடுருவும் பகுதிகளை வெட்டி நீக்குதல். நீக்காவிடில் மரத்தின் கன அளவு இருமுறை கணக்காகும்.
6. மேற்சட்டம் கீழ்ச்சட்டத்தில் அமரும் வெட்டுக்கு வெளியே போதிய மரம் எஞ்சியுள்ளதா என்று பார்த்தல். இப்பகுதி குறுகினால் மரம் இழையின் போக்கில் பிளந்து விலகும்.
7. ஒரு சட்டகத்தை முழுமையாக்கிய பின்னரே, அதை இடைவெளிப்படி நகலெடுத்தல்.

வளைவும் மரத்தின் இழையும்

மென்பொருளில் மரம் என்பது ஒரு நிறம் மட்டுமே. உண்மையில் மரம் இழையின் போக்கில் வலிமையும், குறுக்கே பலவீனமும் கொண்டது. எடுத்துக்காட்டிலுள்ள வில்லின் அடியில் வளைவு கிடைமட்டத்துக்கு 53 பாகை சாய்ந்திருக்கும். கிடையான இழை கொண்ட ஒரே பலகையில் அதை அறுத்தால், அடிப்பகுதியில் இழை குறுக்கே ஓடி முறியும்.

இதற்கு முதல் தீர்வு வண்டிச் சக்கர வட்டையின் முறையே. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிலிபேர் தெலோர்ம் 1561 இல் வெளியிட்ட நூலில், குறுகிய பலகைகளை அடுக்காகச் சேர்த்துப் பெரிய கூரை வளைவுகளை அமைக்கும் முறையை விளக்கினார். எடுத்துக்காட்டு வில்லை 8 துண்டுகளாகப் பிரித்தால் இழையின் விலகல் 7 பாகைக்குள் அடங்கும். 150 மில்லிமீட்டர் ஆழமுள்ள வில்லுக்கு, ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 35 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் கொண்ட பலகையிலிருந்து கிடைக்கும். இரண்டு அடுக்குகளை, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி வைத்துப் பிணைக்க வேண்டும்.

இரண்டாவது தீர்வு, மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டுதல். செருமனியின் ஓட்டோ எட்சர் 1906 இல் வளைந்த ஒட்டு மரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மென்மரங்களுக்கு ஒரு பலகையின் தடிப்பு வளைவின் ஆரத்தில் 125இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான ஒரு விதி. 3.75 மீட்டர் ஆரத்துக்கு இது 30 மில்லிமீட்டர் ஆகும்.

வாங்க வேண்டிய மரத்தின் அளவும் இதனால் மாறுகிறது. 150 × 100 மில்லிமீட்டர் குறுக்குவெட்டு கொண்ட ஒரு வில்லின் கன அளவாக மென்பொருள் ஏறத்தாழ 3.7 கன அடி காட்டும். அதையே பலகைத் துண்டுகளாக அறுக்க 4.4 கன அடி மரம் தேவை. வாள் அறுப்பில் போகும் தூளும் முடிச்சு விழுந்த கழிவும் இதில் சேரவில்லை.

பனை வாரையை மாதிரியமைப்பதில் மற்றொரு கவனம் தேவை. பனையின் வெளிப்பகுதி கடினமானது, உட்பகுதி மென்மையானது. ஆகவே பனைத் துண்டு முழுவதும் ஒரே வலிமை கொண்டதாகக் கருதுவது தவறு. உட்பகுதி நீக்கப்பட்ட, கடினமான பகுதியின் அளவையே மாதிரியில் இடுதல் வேண்டும்.

மாதிரியின் எல்லைகள்

இந்தியாவில் கட்டட மரத்தின் வடிவமைப்புக்கு ஐ.எசு. 883 என்ற இந்தியத் தரநிலை வழிகாட்டுகிறது. அது மரங்களை மீட்சிக் குணகத்தின்படி மூன்று பிரிவுகளாக வகுக்கிறது: சதுர மில்லிமீட்டருக்கு 12,600 நியூட்டனுக்கு மேற்பட்டவை அ பிரிவு, 9,800 முதல் 12,600 வரை ஆ பிரிவு, 5,600 முதல் 9,800 வரை இ பிரிவு. ஒரே அளவுள்ள இரு உத்திரங்கள் திரையில் ஒன்றாகத் தோன்றினாலும், இ பிரிவு மரம் அ பிரிவு மரத்தைவிட இரு மடங்குக்கு மேலாகவும் தொய்யக்கூடும்.

காற்றின் மேலிழுப்பு, கோடையில் மரம் உலர்ந்து சுருங்குவதால் மூட்டுகள் தளர்தல், கறையான் அரிப்பு, பழைய சுவரின் நிலை ஆகியவையும் வடிவ மாதிரியில் இடம்பெறுவதில்லை. வடிவ மாதிரி தச்சருக்கு அளவையும், வீட்டாருக்குத் தோற்றத்தையும், பொறியாளருக்குக் கணிப்பின் தொடக்கத்தையும் தருகிறது. கூரை ஏற்றப்படுவதற்கு முன்னர், ஒவ்வொரு வளைவின் அடியிலும் உந்துவிசையை ஏற்பது சுவரா, இழுசட்டமா என்பதற்குப் படத்திலேயே தெளிவான விடை இருக்க வேண்டும். விடை இல்லாத வளைவு கட்டுவதற்கு உரியதன்று.